அப்பா கேட்காத அரைநாள்

உறவினர்களுக்கும், புந்தோங் அண்டை வீட்டாருக்கும், அப்பாவோடு ரப்பர் ஆலையில் தோள் கொடுத்து உழைத்தவர்களுக்கும் மகளின் வணக்கம். அப்பா எங்களைப் பிரிந்து இந்தத் திதியோடு ஓராண்டு நிறைகிறது. பூசை முடிந்து நீங்கள் சாப்பிட்டுக் கிளம்பும்போது இந்தச் சிறு நினைவு மலர் உங்கள் கைக்கு வரும்.

என்ன எழுதலாம் என்று நான் கேட்ட பெரியவர்களில் அநேகர் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள். "ஒரு நாள்கூட லீவு எடுக்காத மனுசன். அத மொதல்ல போடும்மா." அது உண்மை. அதனால் முதலிலேயே எழுதிவிட்டேன். ஆனால் அதை மட்டும் எழுதி, அப்பாவின் படத்துக்குக் கீழே அச்சிட்டு, உங்களுக்குக் கொடுத்துவிட என் மனம் ஒப்பவில்லை. அந்தப் பெருமைக்கு எங்கள் வீடு கொடுத்த விலை அம்மா. அப்பா ஓர் அரைநாள் விடுப்புக் கேட்டிருந்தால் அம்மா பிழைத்திருக்கக்கூடும். அவர் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்பதைத்தான் நான் எழுத முடியும். இதில் அப்பாவைக் குறை சொல்லும் நோக்கம் எனக்கு இல்லை. குறையில் பாதி என்னுடையது என்பதைப் படிக்கும்போது நீங்களே அறிவீர்கள்.

அப்பா சுங்காய்க்கு அருகே ஒரு ரப்பர்த் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தார். இன்று அந்த இடத்தில் எண்ணெய் எடுக்கும் செம்பனை நிற்கிறது. லயமும் இல்லை, ரப்பரும் இல்லை. அப்பாவுக்கு எட்டு வயதிருக்கும்போது நடந்த ஒரு சம்பவத்தை அவர் எங்களிடம் இரண்டு முறைதான் சொல்லியிருக்கிறார். இரண்டு முறையும் சொல் மாறாமல் சொன்னார்.

தோட்டத்தில் விடியுமுன் பெரட்டு நடக்கும். எல்லாரும் வரிசையாக நிற்க, தோட்டத்துக் கணக்கரான கிராணி பெயர் படிப்பார். பெயருக்குக் குரல் கொடுத்தவர்க்கு அன்றைய வேலை உண்டு. ஒரு நாள் பெரட்டு முடிந்ததும் தாத்தா, அதாவது அப்பாவின் தந்தையார், கிராணியின் முன்னால் கைகட்டி நின்றார். பீடோர்ப் பக்கத்துத் தோட்டமொன்றில் வாழ்க்கைப்பட்டிருந்த அவருடைய அக்காள் இறந்துவிட்ட செய்தி வந்திருந்தது.

"ஐயா, அக்கா தவறிப் போச்சுங்க. ரெண்டு நாள் போய்ட்டு வந்துடுறேங்க."

"லீவு கேக்குற அளவுக்கு வளந்துட்டியா? போ, போ. போறவன் அங்கேயே இருந்துக்க."

தாத்தா அதைக் கோபத்தில் வந்த பேச்சென்றே நினைத்துப் போய்வந்தார். மூன்றாம் நாள் திரும்பியபோது வீடு பூட்டியிருந்தது. சட்டிபானையும் பாயும் செம்மண் பாதையில் கிடந்தன. அதே வாரத்தில் இன்னொருவர் உறவுத் திருமணத்துக்குப் போய்விட்டு, காய்ச்சல் என்று சொல்லித் திரும்பியிருந்தார். அவருக்கு இரண்டு நாள் கூலி மட்டுமே போயிற்று. லயத்துச் சனங்கள் பரிதாபப்பட்டுச் சொன்னதை அப்பா பாயின் மேல் உட்கார்ந்தபடி கேட்டிருக்கிறார். "சீக்குன்னு சொல்லியிருந்தா ரெண்டு நாள் கூலி மட்டும் போயிருக்கும்யா. கேட்டதுனால வீடும் போச்சு."

போனது குற்றமில்லை, கேட்டதுதான் குற்றம். எட்டு வயதில் மனத்தில் ஏறிய இந்தக் கணக்கு அவரிடமிருந்து கடைசிவரை இறங்கவில்லை. பொய் சொல்லும் வழக்கமும் அவரிடம் இல்லை. பொய்யும் சொல்லமாட்டார், கேட்கவும் மாட்டார் என்றால் மிஞ்சுவது ஒன்றுதான். நாள் தவறாமல் வேலைக்குப் போவது.

எழுபதுகளின் தொடக்கத்தில் அப்பா ரப்பர்ப் பாலுக்காக மரம் வெட்டிக்கொண்டிருந்த தோட்டம் துண்டு துண்டாக விற்கப்பட்டது. அம்மாவும் அப்பாவும் என்னையும் தம்பியையும் அழைத்துக்கொண்டு ஈப்போவுக்கு வந்து, புந்தோங்கில் ஒரு பலகை வீட்டின் பின்பாதியில் குடியேறினார்கள். லஹாட் செல்லும் சாலையோரம் இருந்த ஒரு ரப்பர் ஆலையில் அப்பாவுக்கு வேலை கிடைத்தது. சிறுதோட்டக்காரர்கள் கொண்டுவரும் கட்டிரப்பரைக் கழுவி, ரோலரில் கொடுத்து, தகடாக்கிக் காயவைக்கும் ஆலை அது. அந்தப் புளித்த வாடை அப்பாவின் சட்டையிலிருந்து போனதே இல்லை. அம்மா அவர் துணிகளைத் தனி வாளியில் ஊறவைப்பார்.

ஆலையின் உரிமையாளர் ஒரு சீனர். எல்லாரையும்போல நாங்களும் அவரைத் தவுக்கே என்றே அழைத்தோம். தோட்டத்துத் துரையைத் தூரத்திலேயே பார்த்துப் பழகிய அப்பாவுக்கு இந்த முதலாளி பெரிய வியப்பு. பனியனும் அரைக்கால் சட்டையுமாகத் தாமே ரப்பர்க் கட்டிகளைத் தூக்குவார். நின்றபடியே கஞ்சி குடிப்பார். தம் தாயாரை அடக்கம் செய்த மறுநாளே ஆலைக் கதவைத் திறந்தவர். சீனப் பெருநாள் தவிர வேறு நாட்களில் அந்தக் கதவு மூடி நாங்கள் பார்த்ததில்லை. அதே மனிதர், வேலைக்கு ஒருவர் வராமற்போனால் கோபப்பட்டதும் இல்லை. வரவில்லையா, கூலி இல்லை. மறுநாள் வந்தாரா, பழையபடி வேலை. அதற்கு மேல் அவருக்கு அதில் ஒன்றுமில்லை.

டீசல் எஞ்சினைப் பார்த்துக்கொண்டவர் பாக் ஹாஷிம் என்ற மலாய்க்காரர். வெள்ளிக்கிழமை நண்பகலில் எஞ்சினை நிறுத்துவார், எண்ணெய்க் கைகளைக் கழுவுவார், சொங்கோக் தொப்பியை அணிந்துகொண்டு மசூதிக்குச் சைக்கிளில் புறப்பட்டுவிடுவார். எவரிடமும் கேட்பதில்லை. தொடக்கத்தில் தவுக்கே முணுமுணுத்தாராம். பிறகு வெள்ளிக்கிழமைகளில் மற்றவர்களின் சோற்று நேரத்தையே அதற்குத் தகுந்தபடி மாற்றிவைத்தார். ஒருமுறை பாக் ஹாஷிம் மூன்று நாள் வரவில்லை. நான்காம் நாள் வந்து, தாயாருக்கு உடம்பு சரியில்லை என்று இரண்டு சொல்லில் சொல்லிவிட்டு எஞ்சினைக் கிளப்பினார். தவுக்கே மூன்று நாள் கூலியைப் பிடித்துக்கொண்டு, "அம்மாவுக்குக் கொடு" என்று ஒரு பை ஆரஞ்சுப் பழத்தைக் கொடுத்தனுப்பினார்.

இதை அப்பா வீட்டில் வந்து ஓர் அதிசயம்போலச் சொன்னார்.

"மூணு நாளு! கேக்காம கொள்ளாம! அதுக்கு ஆரஞ்சு வேற!"

அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார். "நீங்களும் ஒரு நாளைக்கு நின்னுதான் பாருங்களேன். மூணு நாளுக்கு ஒரு பையின்னா ஒரு நாளுக்கு ரெண்டு பழமாச்சும் வரும்."

"ஒனக்கு எல்லாம் வெளாட்டு."

"வெளாட்டா? ஒங்கள கட்டிக்கிட்டது நானு. குடும்பம் நடத்துறது அந்த ரோலரு."

ஆலையின் ஃபிட்டர் சவரி மாமா. கிறிஸ்தவத் தமிழர், மிஷன் பள்ளியில் படித்தவர். வேலைக்குச் சேர்ந்த அன்றே, "ஞாயித்துக்கெழம மட்டும் என்னைத் தேடாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் சேர்ந்தாராம். இரட்டிப்புக் கூலி என்றாலும் ஞாயிற்றுக்கிழமை வரமாட்டார். காலையில் கோயில், பிறகு எங்கள் வீட்டில் தேநீர். அப்பாவை அவர் மச்சான் என்றும் அம்மாவைத் தங்கச்சி என்றும் அழைப்பார். அப்பா ஞாயிற்றுக்கிழமையும் ஓவர்டைமுக்குக் கிளம்புவதைக் கண்டால் சும்மா இருக்கமாட்டார்.

"என்ன மச்சான், ஒங்க சாமிக்கு லீவே கெடையாதாலா?"

"எங்க சாமி வாரத்துக்கு ஒருநாள் கடை தொறக்குற சாமி இல்ல. எல்லா நாளும் அவுங்க நாளுதான்."

"எல்லா நாளும் சாமி நாளுன்னு சொல்லிச் சொல்லி, எல்லா நாளையும் தவுக்கே நாளா ஆக்கிட்டீங்களே மச்சான்!"

அப்பாவும் சிரிப்பார். சிரித்துக்கொண்டே சைக்கிளை எடுப்பார்.

சீனர் ஓயாமல் உழைப்பவர், மலாய்க்காரர் நேரம் பார்ப்பவர், தமிழர் சொன்னதைச் செய்பவர் என்று எங்கள் வரிசை வீடுகளில் பேசிக்கொள்வதைக் கேட்டு வளர்ந்தவள் நான். பிற்காலத்தில் கிடைத்ததையெல்லாம் படித்தும், ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையாக இருந்து பார்த்தும், அது இரத்தத்தில் இருப்பதன்று என்று எனக்கு உறுதிப்பட்டது. அவரவருக்குப் பின்னால் எது நின்றது என்பதே வேறுபாடு. பாக் ஹாஷிமின் வெள்ளிக்கிழமைக்குப் பின்னால் இந்த நாடே நின்றது. சவரி மாமாவின் ஞாயிற்றுக்கிழமைக்குப் பின்னால் அவருடைய கோயிலும் பங்குச் சாமியாரும் நின்றார்கள். தவுக்கேக்கு ஆலை சொந்தம். அவர் தம் நேரத்தைத் தமக்கே கொடுத்துக்கொண்டார். எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவோ துரை ஒப்புக்கொண்ட தேதியில்தான் நடந்தது. பங்குனி என்றாலும் சித்திரை என்றாலும், விளைச்சல் குறைந்த வாரமாகப் பார்த்து அவர் சொல்லுவார். எங்கள் அம்மனே விடுப்பு வாங்கித்தான் தேர் ஏறினாள். அவளை வணங்கியவர்கள் வேலையை விட்டு ஒரு மணி நேரம் நகரத் தங்களுக்கு உரிமை உண்டென்று எங்கிருந்து கற்பார்கள்?

தைப்பூசத்தன்று தவுக்கே தாமாகவே கேட்பார், விடுப்பு வேண்டுமா என்று. மற்றத் தமிழர்கள் எடுத்துக்கொள்வார்கள். அப்பா வேண்டாம் என்பார். மாலையில் வேலை முடிந்து, ரப்பர் வாடை போகக் குளித்து, கூட்டமெல்லாம் கலைந்தபின் போய் வணங்கிவிட்டு வருவார். நல்ல வேலைக்காரன் என்றால் இப்படித்தான் என்று அவர் நம்பினார். தாம் கேட்காமல் இருப்பதை மேலே இருப்பவர் ஒருநாள் பார்ப்பார் என்றும் நம்பினார். தவுக்கே அதைப் பார்க்கவே இல்லை. கேட்காதவனுக்குத் தேவையில்லை என்பதே அவருடைய கணக்கு.

நான் பதினேழு வயதில் ஐந்தாம் படிவம் படித்துக்கொண்டிருந்த ஆண்டு அம்மாவுக்குப் பெண்களுக்கு வரும் நோய் வந்தது. பல மாதங்கள் மறைத்தார். இரத்தப் போக்கு மிகுந்து, நிற்கவும் முடியாமற்போனபின் நான் பிடிவாதமாக மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். கர்ப்பப்பையை எடுத்துவிட வேண்டும், எடுத்துவிட்டால் பயமில்லை என்றார் டாக்டர். அந்தக் காலத்து வழக்கப்படி கணவர் நேரில் வந்து, டாக்டர் விளக்குவதைக் கேட்டு, சம்மதக் கையெழுத்துப் போடவேண்டும். அந்த டாக்டர் நோயாளிகளின் வீட்டாரைச் செவ்வாய்க்கிழமை காலையில் மட்டும் பார்ப்பார். ஆகவே அப்பா ஒரு செவ்வாய்க்கிழமை அரைநாள் வரவேண்டும். அவ்வளவுதான் தேவைப்பட்டது.

முதற் செவ்வாய் ஆலையில் சரக்கு ஏற்றும் நாள் என்றார் அப்பா. இரண்டாம் செவ்வாய் அவர் ஏதோ சொல்ல வாயெடுக்கும் முன்பே அம்மா, "பரவால்ல, வேலயக் கெடுத்துக்காதீங்க" என்றார். மூன்றாம் செவ்வாய் நான் அம்மாவை மருத்துவமனைப் பலகையில் உட்காரவைத்துவிட்டுப் பேருந்து பிடித்து ஆலைக்குப் போனேன்.

ஆலை வாசலில் லாரி நின்றது. அன்று சவரி மாமா ஏதோ இயந்திரப் பாகம் வாங்க ஈப்போ டவுனுக்குப் போயிருந்தார். அப்பா என்னைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு வேகமாக வந்தார்.

"என்னம்மா? அம்மாவுக்கு என்ன?"

"டாக்டரு ஒங்களை வரச் சொல்றாருப்பா. இன்னைக்குக் கையெழுத்துப் போட்டா வியாழக்கெழமயே செஞ்சிரலாமாம். பன்னெண்டு மணிக்குள்ள வரணும்."

"லோரி ஏத்துறாங்களேம்மா. பாதியில எப்படி விட்டுட்டு வர்றது?"

"தவுக்கேகிட்ட கேளுங்கப்பா."

தவுக்கே பத்தடி தூரத்தில் தராசின் பக்கம் நின்று எதையோ எழுதிக்கொண்டிருந்தார். அப்பா அந்தப் பக்கம் திரும்பினார். கைகள் தாமாக மார்பின்மேல் ஏறிக் கட்டிக்கொண்டன. கால் நகரவில்லை. பிறகு கைகளை இறக்கிவிட்டு என்னிடம் தணிந்த குரலில் சொன்னார். "அடுத்த செவ்வா சரக்கு இல்ல. கண்டிப்பா வாரேன்னு அம்மாகிட்ட சொல்லு."

அப்போது தவுக்கே நிமிர்ந்தார். "அனாக் லு கா? அடா அபா?" என்று கேட்டார். உன் மகளா, என்ன விஷயம் என்று.

"தாடா அபா, தவுக்கே," என்றார் அப்பா. ஒன்றுமில்லை என்று.

தவுக்கே அதை நம்பவில்லை போலும். பென்சிலைப் பிடித்தபடியே என்னைப் பார்த்தார். பள்ளியுடுப்பில் ஒரு பெண் வேலை நேரத்தில் ஆலைக்கு வந்து நிற்கக் காரணம் இருக்கும் என்று அவருக்குத் தோன்றியிருக்கவேண்டும். அவர் காத்திருந்தார். எங்கள் வகுப்பில் மலாய்ப் பாடத்தில் நான்தான் முதலாவது. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்பது அந்த மொழியில் மூன்றே சொல். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் மீண்டும் தராசின் பக்கம் திரும்பிவிட்டார்.

என்னைப் பெரட்டில் யாரும் நிறுத்தியதில்லை. என் சட்டிபானையை யாரும் பாதையில் எறியவில்லை. ஆனாலும் என் வாய் திறக்கவில்லை.

திரும்பிச் சென்று அம்மாவிடம் சொன்னபோது அவர் அழவில்லை. "வரமாட்டாருன்னு எனக்குத் தெரியும்டி. வா, போலாம். பஸ்ஸு போயிரப்போவுது."

அந்த ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் அம்மா குழாயடியில் மயங்கி விழுந்தார். துணியெல்லாம் இரத்தம். அப்பா ஓவர்டைமுக்குப் போயிருந்தார். கோயில் முடிந்து வந்த சவரி மாமாதான் அக்கம்பக்கத்தில் ஒரு வண்டியைக் கேட்டு வாங்கி, வெள்ளைச் சட்டை நனைய அம்மாவைத் தூக்கிக்கொண்டு ஓடினார். தம் ஞாயிற்றுக்கிழமையை எவருக்கும் விட்டுக்கொடுக்காத அவரால்தான் அம்மா அன்று தனியாகக் கிடக்கவில்லை. ஆலைக்கு ஆளனுப்பி அப்பா வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

துக்க வீட்டுக்குத் தவுக்கே வந்தார். பந்தலுக்குள் நுழைந்ததும் அப்பாவைப் பார்த்து உரக்கக் கத்தத் தொடங்கினார். "கெனாபா லு தாக் சாக்காப்?" வேலை கெட்டுப்போன கோபத்தில் சாவு வீட்டில் வந்து கத்துகிறான் என்று நினைத்து, நம் உறவினர் இருவர் அவரைப் பிடித்து வெளியே தள்ளப் போனார்கள். அவர்கள் யாரென்று எழுதவேண்டியதில்லை. அன்றைக்கு யாரும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். ஏன் நீ சொல்லவில்லை என்றுதான் அவர் கேட்டார். உன் மனைவிக்கு நோய் என்று நீ சொல்லாமல் எனக்கு எப்படித் தெரியும், அன்றைக்குக் கேட்டேனே, உன் மகளையும் பார்த்தேனே, அரைநாள்தானே, ஒரு வாரம் கேட்டிருந்தாலும் போ என்றிருப்பேனே என்று தம் மொழியும் மலாயும் கலந்து அந்த மனிதர் கத்தினார். அவர் கண்கள் சிவந்திருந்தன. அப்பா அவர் முன்னால் கைகட்டி நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த ஒரு கேள்வியில் அப்பாவின் வாழ்நாள் ஒழுக்கம் முழுதும் பொருளற்றுப் போயிற்று. அவர் எதற்காகப் பயந்தாரோ அது அந்த ஆலையில் இருந்ததே இல்லை. இல்லாத கிராணிக்கு முன்னால் அவர் அத்தனை ஆண்டுகள் நின்றிருக்கிறார். கொடியவர் ஒருவர் மறுத்ததால் அம்மா போனார் என்றிருந்தால், வெறுப்பதற்காவது எங்களுக்கு ஓர் ஆள் இருந்திருப்பார்.

பாலூற்றிய மறுநாள் அப்பா வேலைக்குப் போய்விட்டார். தவுக்கே திருப்பி அனுப்பினார். அதற்கடுத்த நாளும் போனார். அதன்பின் அவர் திருப்பி அனுப்பவில்லை.

பிந்திய ஆண்டுகளைச் சுருக்கமாகவே எழுதுகிறேன். அப்பா எங்கள் இருவரையும் தனியாக வளர்த்தார். குடித்ததில்லை, மறுமணம் பற்றிப் பேசவும் விட்டதில்லை. என்னை ஆசிரியர் பயிற்சிக்கு அனுப்பினார். எண்பதுகளின் நடுவில் ஆலை மூடப்பட்டது. கடைசி நாள் தவுக்கே எல்லாருடைய கையையும் பிடித்து விடைகொடுத்தாராம். அப்பாவின் கையை மட்டும் நெடுநேரம் பிடித்திருந்தார் என்று சவரி மாமா சொன்னார். அதன்பின் அப்பாவின் நுரையீரல் மெல்ல மெல்லக் கெட்டது.

நான் வேலை செய்யும் பள்ளி தோட்டத்துப் பிள்ளைகள் வரும் பள்ளி. சென்ற ஆண்டு முதலாம் வகுப்பில் ஒரு சிறுமி உட்கார்ந்த இடத்திலேயே சிறுநீர் கழித்துவிட்டு அழுதாள். கை தூக்கிக் கேட்கக்கூடாதா கண்ணு என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அவளைத் திட்டியவர் யாருமில்லை; நானும் அதட்டும் ஆசிரியை இல்லை. அன்று மாலை வீட்டுக்கு வந்து அப்பாவிடம் அதைச் சொன்னேன். அவர் படுக்கையில் இருந்தார். மூச்சு இழுத்து இழுத்து வந்தது. அந்தச் சிறுமியைப் பற்றி அல்லாமல், வேறொன்று பேசினார்.

"அன்னைக்குத் தவுக்கே கேட்டாருல்ல. நீயாச்சும் சொல்லியிருக்கலாம்மா."

அம்மா இறந்த நாளிலிருந்து இந்த வாக்கியத்துக்காகத்தான் நான் காத்திருந்தேன் போலும். "சொல்லியிருக்கணும்ப்பா" என்றேன்.

"சொல்லியிருந்தா ஒன்ன ஒரு அறை விட்டிருப்பேன்." அவர் முகத்தில் சிரிப்புப் போல ஒன்று வந்து இருமலில் போயிற்று. "அடிச்சுட்டு, பொறவு போயிருப்பேன்."

அதற்குப் பின் அம்மாவைப் பற்றி நாங்கள் பேசவில்லை. சில வாரங்களில் அப்பாவும் போய்விட்டார்.

நன்றி கூற வேண்டியவர்கள் பலர். அப்பாவின் இறுதிச் சடங்கு வேலை நாளில் நடந்தது. அன்று தம் மேலாளரிடமும் முதலாளியிடமும் போய் நின்று, ஒரு மரணம், போகவேண்டும் என்று வாய் திறந்து கேட்டு வந்த ஒவ்வொருவரையும் நான் கைகூப்பி வணங்குகிறேன். அது எவ்வளவு பெரிய காரியம் என்பது எங்கள் வீட்டுக்குத் தெரியும். நடக்கவே சிரமப்படும் நிலையிலும் மகனின் கையைப் பிடித்து வந்து கடைசிவரை இருந்த பாக் ஹாஷிமுக்கும், மூப்பினால் பந்தலுக்கு வெளியே நாற்காலியிட்டு அமர்ந்து ஒரு சொல்லும் பேசாமல் எழுந்து சென்ற தவுக்கேக்கும், அம்மாவைத் தூக்கிய கைகளாலேயே அப்பாவையும் பாடையில் ஏற்றிய சவரி மாமாவுக்கும், மூன்று நாள் எங்கள் அடுப்பைப் பார்த்துக்கொண்ட புந்தோங் பெண்களுக்கும் நாங்கள் என்றும் கடமைப்பட்டவர்கள். கொள்ளி வைத்த சித்தப்பா மகனுக்குத் தனியாக நன்றி சொல்கிறேன்.

பெற்ற மகன் ஏன் கொள்ளி வைக்கவில்லை என்று இந்த ஓராண்டும் உங்களில் பலர் என்னிடம் நேராகவும், சிலர் எனக்குப் பின்னாலும் கேட்டீர்கள். தம்பி பினாங்கில் மின்னணுச் சாமான் செய்யும் ஆலையில் வேலை செய்கிறான். சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. நான் தொலைபேசியில் சொன்ன செய்தி அவனுக்கு அன்று காலையே போய்ச் சேர்ந்துவிட்டது. அவன் வந்தது மறுநாள், சாம்பல் எடுக்கும்போது. ஆற்றங்கரையில் என்னிடம் மட்டும் சொன்னான்.

"கேக்கத்தான்க்கா போனேன். சூப்பர்வைசர் ரூம்பு கண்ணாடி ரூம்பு. உள்ள போன் பேசிக்கிட்டு இருந்தாரு. கொஞ்ச நேரம் நின்னேன். அப்பறம் ஒரு மாதிரியா இருந்துச்சு, திரும்பி வந்துட்டேன்."

"அவரு பேசி முடிச்ச பொறவு போயிருக்கலாம்ல தம்பி?"

"மறுபடி எப்படிக்கா போறது?"

நான் மேலே ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு அந்தத் தகுதி இல்லை. அன்று மாலையே அவன் வேலைக்குத் திரும்பிவிட்டான். தயவுசெய்து அவனை நன்றிகெட்டவன் என்று பேசாதீர்கள். அப்பாவின்மேல் அவனுக்கிருந்த பாசம் என்னுடையதைவிடக் குறைந்ததில்லை.

இந்த ஆண்டுத் திதியும் வேலை நாளில்தான் வருகிறது. போன வாரம் அவனுக்குத் தொலைபேசியில் நாளையும் நேரத்தையும் சொன்னேன். "சரிக்கா" என்றான். லீவு கேட்டுவிட்டாயா என்று கேட்க நினைத்துக் கொஞ்ச நேரம் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவனும் வைக்கவில்லை. பிறகு, உடம்பைப் பார்த்துக்கொள் என்று சொல்லி வைத்துவிட்டேன். இதை அச்சுக்குக் கொடுக்கும் இந்த நாள்வரை, அவன் வருவானா என்பது எனக்குத் தெரியாது.